சொல்லுக்கு இரண்டு பிறப்பு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு திருப்பலியில் ‘கடவுள்’ என்னும் சொல்லைப் பிரித்துக் காட்டி மறையுரை ஆற்றினேன். ‘கட’ என்றும் ‘உள்’ என்றும் பிரித்து, அனைத்தையும் கடந்து நிற்பவர், அனைத்தின் உள்ளும் உறைபவர் என்று விளக்கியபோது மக்கள் மகிழ்ந்து கேட்டனர், எனக்கும் மகிழ்ச்சியே. திருப்பலி முடிந்தபின் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கோவில் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். “சாமி, செய்யுள் என்கிறோமே, அதிலுள்ள ‘உள்’ எதன் உள்ளே இருக்கிறது?” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. “அது வெறும் விகுதி, சாமி. கடவுளில் இருப்பதும் அதுவாக இருக்கலாம் அல்லவா? நீங்கள் சொன்ன இறையியல் சரி. அதற்கு அந்தச் சொல்லைச் சாட்சிக்கூண்டில் ஏற்றியதுதான் சரியில்லை” என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வி முற்றிலும் வேறான ஓரிடத்தில் மீண்டும் என்னை வந்து சந்தித்தது. எங்கள் பங்கின் கல்லூரி மாணவர் சிலர், ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கின் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்னும் பெருங்கதையைப் பற்றித் திருவருகைக் காலக் கூட்டத்தில் பேசுவதற்கு ஓர் உரை எழுதி என்னிடம் காட்டினர். அக்கதையில் வரும் பெயர்களுக்குள் கத்தோலிக்க மறைபொருள் ஒளிந்திருக்கிறது என்று நிறுவுவதே அவ்வுரையின் நோக்கம். கதையில் மோரியா என்றொரு மலைச் சுரங்கம் வருகிறது. அது ஆபிரகாம் தம் மகன் ஈசாக்கைப் பலியிடச் சென்ற மோரியா. கதையின் தீயவன் பெயர் சௌரோன். கிரேக்க மொழியில் பல்லி இனத்தைக் குறிக்கும் சொல்லொன்று அவ்வாறே ஒலிக்கிறது. ஆகவே அவன் ஏதேன் தோட்டத்துப் பாம்பு. இவ்வாறு நீண்டது பட்டியல். படித்ததும் என் மனம் துள்ளியது. அடுத்த கணமே தமிழாசிரியரின் குரலும் கேட்டது. உரை மேடை ஏறுமுன் அந்நூலாசிரியர் தம் சொற்களைப் பற்றித் தாமே என்ன சொல்லியிருக்கிறார் என்று தேடிப் படித்தேன். அத்தேடலின் பயனே இக்கட்டுரை.

டோல்கின் 1892இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். அவருடைய தாய் மேபல் 1900இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதனால் உறவினரின் வெறுப்புக்கு ஆளாகி, வறுமையில் உழன்று, 1904இல் இறந்தார். அப்போது டோல்கினுக்கு வயது பன்னிரண்டு. அவருக்கும் அவர் தம்பிக்கும் பாதுகாவலராக நின்றவர் பிரான்சிஸ் மார்கன் என்னும் குரு. கர்தினால் நியூமன் பர்மிங்காமில் நிறுவிய ஆரட்டரி இல்லத்தைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் டோல்கின் 1925 முதல் 1959 வரை ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகப் பணியாற்றினார். அதற்கு முன் 1919, 1920 ஆம் ஆண்டுகளில், புகழ்பெற்ற ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கும் சொற்கள் சிலவற்றின் பிறப்பை ஆய்ந்து எழுதும் வேலையில் இருந்தார். சொற்பிறப்பு ஆய்வு அவருக்குப் பொழுதுபோக்கன்று. அவர் உண்ட சோறு அது.

இத்தகையவர் சிறுவயது முதலே புதிய மொழிகளைப் படைத்து வந்தார். 1931இல் ஆற்றிய ஓர் உரையில் இப்பழக்கத்தைத் தம் ‘இரகசியத் தீயபழக்கம்’ என்று நகைச்சுவையாகக் குறிப்பிட்டார். அவர் படைத்தவற்றுள் தலையாயவை இரண்டு. ஃபின்னிய மொழியின் ஒலியழகில் மயங்கி, இலத்தீன், கிரேக்கச் சாயலும் சேர்த்து அமைத்தது குவென்யா. வெல்ஷ் மொழியின் ஓசையைத் தழுவி அமைத்தது சிந்தாரின். கதைக்காக மொழியைச் செய்தவர் அல்லர் அவர். தம் மொழிகளைப் பேசுவதற்கு ஓர் உலகம் வேண்டும் என்பதற்காகவே கதையைச் செய்ததாகப் பலமுறை கூறியுள்ளார்.

இங்கே வாசகர் ஒரு நுட்பத்தை மனத்தில் கொள்ளவேண்டும். நாம் பேசும் மொழியில் ஒரு சொல்லுக்கு ஒரு பிறப்பே உண்டு. படைக்கப்பட்ட மொழியிலோ ஒவ்வொரு சொல்லும் இருமுறை பிறக்கிறது. கதையுலகத்தின் உள்ளே அதற்கு ஒரு வேரும், ஒலித்திரிபும், தலைமுறைகளின் வரலாறும் உண்டு. 1930களில் டோல்கின் தொகுத்து வைத்த வேர்ச்சொற் பட்டியல், நம் வேர்ச்சொல் அகராதிகளைப் போன்றே ஒழுங்காக அமைந்தது. கதைக்கு வெளியே, எழுத்தாளரின் வாழ்வில், அச்சொல் அவர் மனத்தில் தோன்றிய நாள் ஒன்று உண்டு. முதலாவதை உட்பிறப்பு என்றும் இரண்டாவதை வெளிப்பிறப்பு என்றும் அழைப்போம். எங்கள் மாணவர் செய்த பிழை, இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டதே. உலகெங்கும் அவருடைய வாசகர் பலரும் செய்த பிழையும் அதுவே.

1967இல், தம் பெயர்களுக்கு மூலம் கற்பித்து எழுதிய வாசகர் ஒருவருக்கு மறுமொழியாக டோல்கின் ஒரு நீண்ட கடிதத்தை வரைந்தார். அவர் மறைவுக்குப் பின் 1981இல் வெளிவந்த கடிதத் தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. இத்தகைய ஊகங்கள் ஊகிப்பவருக்கு இன்பம் தரலாம். கதையை விளக்குவதற்கு அவற்றால் பயனில்லை என்பது அக்கடிதத்தின் சாரம். மோரியா என்பது சிந்தாரின் மொழியில் ‘கரும் பாதாளம்’. ‘மோர்’ கருமை, ‘இயா’ பெரும்பள்ளம். அதுவே உட்பிறப்பு. வெளிப்பிறப்பு எது? ஸ்காண்டிநேவிய நாட்டுப்புறக் கதை ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வரும் ‘சோரியா மோரியா’ என்னும் கோட்டையின் பெயர் காதில் தங்கியிருந்ததாம். தொடக்கநூல் 22ஆம் அதிகாரத்து மோரியாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தெளிவாகவே எழுதிவிட்டார். சௌரோன் என்பதும் ‘வெறுக்கத்தக்க’ என்னும் பொருளுடைய குவென்யா வேரிலிருந்து வந்ததே. கிரேக்கப் பல்லிக்கு அங்கே இடமில்லை.

இத்தோடு கதை முடிந்துவிட்டால், ஊகம் அனைத்தும் வீண் என்று எழுதி நானும் முடித்திருப்பேன். ஆனால் அதே கடிதம் எதிர்த்திசையிலும் சாட்சி சொல்கிறது. தீயவனின் மொழியில் மோதிரத்துக்கு ‘நஸ்க்’ என்று பெயர். பிற மொழிகளின் சாயல் படாத சொல்லாகத் தேர்ந்ததாகவே டோல்கின் எண்ணியிருந்தார். பின்னர் கேலிக் மொழியில் ‘நாஸ்க்’ என்ற சொல் வளையத்தைக் குறிப்பதைக் கண்டார். அம்மொழியை அவர் ஒரு காலத்தில் பயின்றவர். எனவே அச்சொல் நினைவின் ஏதோ ஒரு மூலையில் தங்கியிருந்து, தான் யாரென்று சொல்லாமலே வெளிவந்திருக்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டார். எழுத்தாளரே அறியாத மூலமும் உண்டு என்பதற்கு எழுத்தாளரே தரும் சான்று இது.

வேண்டுமென்றே அமைத்த சிலேடையும் உண்டு. மந்திரவாதி சருமான் வாழும் கோபுரத்தின் பெயர் ஓர்தாங்க். சிந்தாரின் மொழியில் அதற்குக் ‘கோரைப்பல் மலை’ என்று பொருள். பழைய ஆங்கிலத்திலோ அதே ஒலி ‘சூழ்ச்சித் திறன்’ என்பதைக் குறிக்கும். இந்த இரட்டைப் பொருளை அவர் ஒளித்துவைக்கவில்லை. கதையிலேயே எடுத்துச் சொல்லிவிடுகிறார். இன்னொரு சொல் நம்மைத் தடுமாற வைக்கும். கடலில் மூழ்கிய தீவுக்கு அவர் தந்த பெயர்களுள் ஒன்று அட்டலாந்தே. சரிதல், வீழ்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. அட்லாண்டிஸ் என்னும் பழங்கதைத் தீவின் பெயரோடு அது ஒத்திருப்பது விந்தையான தற்செயல் என்கிறார். ஆனால் அத்தீவின் கதையை அவர் எழுதியதே அட்லாண்டிஸ் கதையை மனத்தில் கொண்டுதான். இங்கே தற்செயல் எங்கே முடிகிறது, விருப்பம் எங்கே தொடங்குகிறது என்று யாரால் கோடு கிழிக்க இயலும்?

ஆகவே ஊகிக்கலாமா கூடாதா என்பதன்று கேள்வி. எந்த ஊகத்தை எவ்வளவு நம்பலாம் என்பதே கேள்வி. குருமடத்தில் விவிலியம் பயின்றபோது இக்கேள்வியை வேறு வடிவில் சந்தித்திருக்கிறேன். தொடக்கநூல் 11ஆம் அதிகாரம், பாபேல் என்னும் பெயரைக் ‘குழப்புதல்’ என்னும் எபிரேயச் சொல்லோடு இணைக்கிறது. அந்நகரத்து மக்களோ தம் அக்காடிய மொழியில் அப்பெயரைக் ‘கடவுளின் வாயில்’ என்று பொருள் கொண்டனர். புனித ஆசிரியர் சொற்பிறப்பில் பிழைபட்டாரா? இல்லை. அவர் அகராதி எழுதவில்லை. கடவுளின் வாயில் என்று தன்னைப் பறைசாற்றிக்கொண்ட பேரரசை, குழப்பத்தின் நகரம் என்று நகைக்கிறார். எரேமியா முதல் அதிகாரத்தில் வாதுமைக் கிளையைக் காணும் இறைவாக்கினர், அம்மரத்தின் எபிரேயப் பெயரில் ‘விழித்திருத்தல்’ என்னும் சொல்லின் ஒலியைக் கேட்கிறார். இச்சிலேடைகளை நாம் ஊகித்து அறியவேண்டியதில்லை. பாடமே அவற்றை வாய்விட்டுச் சொல்கிறது.

இதற்கு மாறாக, ஒவ்வொரு சொல்லின் வேரையும் தோண்டி, அவ்வேரின் பொருளை அச்சொல் வரும் இடமெல்லாம் ஏற்றி இறையியல் செய்யும் வழக்கத்தை, ஜேம்ஸ் பார் என்னும் விவிலிய அறிஞர் 1961இல் வெளியிட்ட நூலில் கடுமையாகக் கண்டித்தார். சொல்லின் பொருள் அது வாக்கியத்தில் ஆளப்படும் முறையில் உள்ளது. அதன் பழைய பிறப்பில் அன்று என்பது அவர் வாதம். நம் மரபும் இதை அறியாததன்று. காளமேகத்தின் சிலேடையை நாம் ஏன் ஐயமின்றி ஏற்கிறோம்? பாடலின் ஒவ்வொரு சொல்லும் இரு பொருளுக்கும் தோள் கொடுப்பதால் அன்றோ! ஒரு சொல் மட்டும் இருபுறம் பார்த்தால் அது தற்செயல். பாடல் முழுதும் இருபுறம் பார்த்தால் அது சிலேடை.

ஒலி ஒற்றுமை எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. குவென்யா மொழியில் தந்தைக்கு ‘அத்தார்’ என்று பெயர். ‘அத்தன்’ என்று தமிழிலும் தந்தையை அழைக்கிறோம். இதை வைத்து டோல்கின் தமிழறிந்தார் என்று எவரேனும் எழுதினால் நாம் பெருமையோடு பகிர்ந்துகொள்வோம். ஆனால் அது வெறும் ஒலி. நான்காம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா விவிலியத்தைக் கோத்திக் மொழியில் பெயர்த்தபோது, இயேசு கற்பித்த செபத்தின் முதற்சொல்லாக வைத்தது ‘அத்தா’. டோல்கின் பள்ளி நாள்களிலேயே கோத்திக் இலக்கண நூலைக் காதலோடு படித்தவர். அவருடைய சொல்லுக்கு அதுவே மூலம் என்று உறுதி கூற இயலாது. எனினும் அந்த வழியாக அவர் நடந்து போயிருக்கிறார் என்பது தெரியும். தமிழ் வழியாக நடந்ததற்குச் சுவடில்லை. நல்ல ஊகத்துக்கும் வெறும் ஆசைக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னது காலடித் தடத்தைக் காட்டும். பின்னது எதிரொலியை மட்டும் காட்டும்.

இனி எங்கள் மாணவரின் பட்டியலில் இல்லாத ஒரு பெயருக்கு வருவோம். டோல்கினின் புராணங்களில் எயாரெண்டில் என்றொரு கடலோடி உண்டு. மண்ணுலக மக்களுக்காகப் பரிந்து பேசக் கடல் கடந்து செல்பவன். பின்னர் ஒளிமணியைத் தாங்கிய கப்பலில் வானத்தில் விடிவெள்ளியாகப் பயணிப்பவன். ‘எயார்’ கடல், ‘ந்தில்’ அன்பு கொண்டவன், கடலின் அன்பன் என்பது உட்பிறப்பு. ஆனால் இப்பெயரின் வெளிப்பிறப்பை டோல்கின் தாமே பதிவு செய்துள்ளார். மாணவராயிருந்தபோது அவர் படித்த ‘கிறிஸ்து’ என்னும் பழைய ஆங்கிலக் கவிதையில், ஒளிவீசும் விண்மீனைக் குறிக்க ‘எயாரெண்டெல்’ என்ற சொல் வருகிறது. அதன் அழகு அவரை ஆட்கொண்டது. 1914இல் அப்பெயர் தாங்கிய கடலோடியைப் பற்றிக் கவிதை எழுதினார். கடலைக் குறிக்கும் வேரையும் அன்பைக் குறிக்கும் வேரையும் அப்பெயருக்கு ஏற்பவே தம் மொழியில் அமைத்தார். சொல் முதலில் வந்தது. வேர் பிறகு முளைத்தது!

அப்பழங்கவிதையின் அப்பகுதி எதன் எதிரொலி என்பதை அறிந்தபோது நான் சற்று நேரம் நூலை மூடிவைத்தேன். டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைப் புகழில், மரியாவின் பாடலுக்கு முன்மொழியாக ஏழு பழம்பெரும் அழைப்புகளைத் திருச்சபை பாடுகிறது. அவற்றுள் 21ஆம் நாளுக்குரியது கிறிஸ்துவை உதயமே என்று விளித்து, இருளில் இருப்போரிடம் வருமாறு வேண்டுவது. அந்த முன்மொழியின் பழைய ஆங்கில விரிவாக்கமே டோல்கினை ஆட்கொண்ட பகுதி. பழைய ஆங்கில மறையுரை ஒன்றில் அதே சொல் கிறிஸ்துவுக்கு முன் வந்த திருமுழுக்கு யோவானைக் குறிக்கிறது. திருவருகைக் காலத்துக்கு உரை எழுதிய எங்கள் மாணவர், பொய்யான மோரியாவை எடுத்துக்கொண்டு, மெய்யான திருவருகைக் காலச் சொல்லை விட்டுவிட்டனர். ஊகத்தின் இழப்பு இதுவே. அது பொய்யைச் சேர்ப்பதோடு நில்லாது. உண்மை நிற்கவேண்டிய இடத்தையும் அடைத்துக்கொள்கிறது.

மாணவர் சுட்டியவற்றுள் ஒன்று மட்டும் சோதனையில் தேறியது. அதுவும் ஒலியால் அன்று. கதையின் வீரர்கள் நெடும்பயணத்தில் உண்ணும் அப்பத்துக்கு லெம்பாஸ் என்று பெயர். சிந்தாரின் மொழியில் அதற்குப் பயண அப்பம் என்றே பொருள். குவென்யா மொழியில் அதன் பெயர் கொய்மாஸ், வாழ்வின் அப்பம். மரணத் தறுவாயில் இருப்போருக்கு நாம் அளிக்கும் நற்கருணையை வழியுணவு என்கிறோம். இலத்தீனில் அது வியாத்திக்கும், வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு. வேறு உணவின்றி இதை மட்டும் உண்ணும்போது இதன் ஆற்றல் பெருகி, உடலைவிட மன உறுதியை ஊட்டும் என்கிறது கதை. இவ்வொற்றுமையை ஒருவர் சுட்டியதை 1958ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் குறிப்பிடும் டோல்கின், அதை மறுக்கவில்லை. கதையின் சிறியவற்றைக் கையாளும் மனத்தில் மிகப் பெரியவை நிறம் ஏற்றக்கூடும் என்கிறார். இங்கே சாட்சி சொல்வது ஓரெழுத்தின் ஓசையன்று. அவ்வப்பம் கதையில் செய்யும் வேலை. காளமேகத்தின் பாடலைப் போல, முழுவதும் இருபுறம் பார்க்கிறது.

இயேசு சபையைச் சேர்ந்த தம் நண்பர் இராபர்ட் மரேவுக்கு 1953இல் எழுதியபோது, தம் நூல் அடிப்படையில் சமயம் சார்ந்தது, கத்தோலிக்கமானது என்றும், அதனாலேயே கதையில் வழிபாடு போன்றவற்றை நீக்கிவிட்டதாகவும் டோல்கின் சொன்னார். நம்பிக்கை கதையின் உடலில் கலந்துவிட்டது என்பது அவர் கருத்து. உடலில் கலந்த உப்பைப் பெயர்ப் பலகையில் தேடுவானேன்?

இறுதியாக ஒன்று. டோல்கின் 1973இல் காலமானார். அதன்பின் 29 ஆண்டுகள் கழித்து, 2002இல், அவர் தாள்களிலிருந்து சில பக்கங்கள் அச்சேறின. 1950களில் எழுதப்பட்டவை எனக் கருதப்படும் அவற்றில், இயேசு கற்பித்த செபத்தையும் அருள்நிறை மரியே செபத்தையும் வேறு சில செபங்களையும் அவர் குவென்யா மொழியில் பெயர்த்திருந்தார். முதற் செபத்துக்கு மட்டும் ஆறு வரைவுகள். அடித்து, திருத்தி, மீண்டும் எழுதியவை. அச்செபம் ‘அத்தாரெம்மா’ என்று தொடங்குகிறது. ‘எம்மா’ என்னும் ஈறு ‘எங்கள்’ என்று பொருள்படும். ‘நம்’ என்று அன்று. முன்னிலையாரை உளப்படுத்தும் தன்மைப் பன்மையும் உளப்படுத்தாத தன்மைப் பன்மையும் குவென்யாவில் வேறு வேறு. ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் இவ்வேறுபாடு இல்லை. எனவே செபத்தைப் பெயர்க்கும்போது அவர் ஒன்றைத் தேர்ந்தாகவேண்டும். கடவுளை நோக்கிப் பேசுகையில் கடவுளை அச்சொல்லுக்குள் சேர்க்கக் கூடாது என்று தேர்ந்தார். தமிழில் செபிக்கும் நாமும் ‘எங்கள் தந்தையே’ என்கிறோம். ‘நம் தந்தையே’ என்பதில்லை.

டோல்கின் இதைத் தமிழிடமிருந்து கற்கவில்லை, சிலேடையும் இங்கில்லை. ஒரே செபத்தின் முன் மண்டியிட்ட இரு மொழிகள், ஒன்றையொன்று அறியாமல், ஒரே பணிவைக் கண்டுகொண்டன. இதற்குமேல் என்ன மறைபொருள் வேண்டும்? எந்த வாசகருக்கும் காட்டாமல் தனிமையில் ஒருவர் தம் மொழியால் இறைவனை வேண்டியதே, அம்மொழியில் மெய்யாக மறைந்திருந்தது.

மாணவர் தம் உரையைத் திருத்தி எழுதினர். மோரியா போயிற்று, எயாரெண்டில் வந்தான். அன்று முன்வரிசையில் தமிழாசிரியரும் அமர்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும், “சாமி, இனிக் கடவுளைப் பிரிப்பதில்லையா?” என்று சிரித்தார். “பிரிப்பேன் ஐயா, ஆனால் இது என் விளையாட்டு என்று சொல்லிவிட்டே பிரிப்பேன்” என்றேன்.